கொலுவில் நடந்த பூதம்

பத்மஜா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அரைமணி நேரம் வாயைத் திறக்கமாட்டாள். பாலிகஞ்சில் தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, ஊராரின் கோபத்தையெல்லாம் காதில் வாங்குவதுதான் அவளுக்குச் சம்பளம். "தேக்சி தாதா, தேக்சி," பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று பகலெல்லாம் வங்காளியில் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில் நசுங்கி, டாக்குரியாவில் இறங்கி, காய் வாங்கிக்கொண்டு மாடியேறுவாள். வீடு தண்டவாளத்தை ஒட்டியது. ஒவ்வொரு லோக்கல் ரயிலுக்கும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முணுமுணுத்துக்கொள்ளும். குடிவந்த புதிதில் அது தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு காது அதைக் கேட்பதை விட்டுவிட்டது.

வருடத்தில் அவளுக்குப் பிடிக்காத நாட்கள் நவராத்திரி ஒன்பதும்தான். ஊரே துர்க்கா பூஜைக்குப் புதுச்சேலை எடுக்கும் நேரத்தில் அவள் டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, மேலே வேட்டி விரித்துப் படி கட்டுவாள். சுண்டல் அவள், கோலம் அவள், வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு அவள். நாத்தனார் ஜகதாம்பாள் சமையலறை வாசற்படியில் நின்று மேற்பார்வை பார்ப்பாள். கணவர் போனபிறகு ஜகதாம்பாள் கொலுவைத் தொடுவதில்லை. ஆனால் எந்தப் பொம்மை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அவள் கண்ணில் அச்சாகியிருக்கும்.

வைத்த பொம்மையை விஜயதசமிவரை நகர்த்தக்கூடாது. அதுதான் வழக்கம். வருடாவருடம் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கடை வைத்த செட்டியார் பொம்மையைப் பார்த்து ஜகதாம்பாளின் குரல் வரும்.

"பத்மா, செட்டியார் நேத்து வாசலைப் பார்த்துண்டிருந்தார். இன்னிக்கு ஜன்னலைப் பார்க்கறாரே."

"நான் தொடலை அக்கா."

"நீ தொட்டேன்னு யார் சொன்னா? தூசி தட்டியிருப்பே."

"தட்டவே இல்லை அக்கா."

"சரி. அவராவே திரும்பிண்டார் போலிருக்கு."

அதற்குமேல் ஜகதாம்பாள் பேசமாட்டாள். பேசாததுதான் பத்மஜாவை அரித்தது. எண்பத்தெட்டில், ஜகதாம்பாள் ஜாம்ஷெட்பூரிலிருந்து கொலுவுக்கு வந்திருந்தாள். அந்த வருடமும் செட்டியார் திரும்பியிருந்தார். அடுத்த மாதம் அவள் கணவர் ஃபாக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஜகதாம்பாள் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். இரண்டையும் சேர்த்து அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் செட்டியாரைப் பார்ப்பாள், பிறகு பத்மஜாவைப் பார்ப்பாள். அவ்வளவுதான். பத்மஜாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: உன் கை இல்லை. அதை இந்த வீட்டில் யாராவது ஒருமுறை சொன்னால் போதும் என்று இருந்தது.

பத்மஜாவின் கணவன் மகாதேவன் இதிலெல்லாம் தலையிடமாட்டான். வங்கியில் பகல் முழுதும் குனிந்திருந்துவிட்டு வருபவன், வீட்டில் பூதங்களோடு இருந்தான். சின்ன வயதில் தர்மதலா பக்கத்துத் தியேட்டர்களில் ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய ஆங்கிலப் படங்கள் போடுவார்கள். மண்ணுக்குள்ளிருந்து வாளோடு எழும் எலும்புக்கூடுகள், கப்பலைச் சுற்றி வளைக்கும் கடல் பாம்பு, கோட்டைச் சுவரைப் பிய்க்கும் ராட்சசப் பல்லி. அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனது அக்கா ஜகதாம்பாள்தான். தாவணி போட்ட பெண் தனியாகப் படத்துக்குப் போகக்கூடாது. தம்பி கூட இருந்தால் போகலாம். ஆகவே பூதம் யாருக்குப் பிடித்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை தகராறு.

"இவனுக்கா? என் தலைப்புக்குள்ளே மூஞ்சியை வச்சுண்டு, 'போயிடுத்தா போயிடுத்தா'ன்னு கேட்டுண்டே இருந்தான்," என்பாள் ஜகதாம்பாள்.

"நீ மட்டும் என்னவாம்? எலும்புக்கூடு செத்துப்போனதுக்கு அழுதியே."

"பாவம்டா அது. ஏற்கெனவே செத்தது."

அந்தப் பேச்சு வரும்போது மட்டும் ஜகதாம்பாளின் முகம் இளகும். பத்மஜா கூடப் புன்னகைப்பாள். கல்யாணமான புதிதில் மகாதேவன் அவளையும் அப்படி ஒரு படத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். ஒரு பெரிய குரங்கு மலை மேல் நின்றது. அதன் ரோமம் காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டாள். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுப்பார்கள், நகர்த்துகிறவனின் விரல் பட்ட இடத்தில் ரோமம் கலையும், அதுதான் சிலிர்ப்பு என்றான். ஆள் தெரியமாட்டான், விரல் மட்டும் தெரியும். அவன் அவளிடம் சொன்னவற்றில் மிக அழகானது அதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

தொண்ணூற்றேழில், கப்பலில் வேலை பார்த்த பத்மஜாவின் தம்பி ஜெய்ராம் ஒரு பழைய சின்ன மூவி கேமராவையும் ஒரே ஒரு ஃபிலிம் டப்பாவையும் அத்திம்பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். மகாதேவன் கம்பியை முறுக்கி, ஸ்பாஞ்சு சுற்றி, தன் பழைய குரங்குக் குல்லாவை வெட்டித் தோலாகத் தைத்து, சட்டைப் பித்தானில் கண் வைத்து ஒரு பூதம் செய்தான். அது நடக்கவேண்டும். அதற்குப் பல நாள் யாரும் கைவைக்காத ஓரிடம் வேண்டும். இரண்டறை வீட்டில் அப்படி ஓரிடம் கொலு மட்டும்தான்.

"படியிலே இல்லைக்கா. கீழே மணல் பார்க்கிலே. மலையிலேர்ந்து குளத்துக்கு நடக்கும். பார்க்குக்குச் சட்டம் இல்லையே."

ஜகதாம்பாள் பூதத்தை நெடுநேரம் பார்த்தாள். "காது ஒண்ணு பெரிசா இருக்கு," என்றாள். அதுதான் சம்மதம்.

கேமராவை இரும்பு பீரோவோடு சேர்த்துக் கட்டினான். காலையில் கொஞ்சம், மாலையில் விருந்தினர் போனபின் கொஞ்சம். பூதத்தின் காலை ஒரு நூல் தள்ளுவான், பின்வாங்குவான், க்ளிக். கீழ்வீட்டு போஸ் பாபுவின் மனைவி சுண்டலை வாங்கிக்கொண்டு, "அசுரன் வந்தாச்சு, துர்க்கா எங்கே பௌதி?" என்று அண்ணி முறை வைத்துப் பத்மஜாவைக் கேட்டாள். "ஆபீஸிலிருந்து இப்போதுதான் வந்தாள்," என்று வங்காளியில் சொன்னாள் பத்மஜா. போஸ் மனைவி சிரித்தாள். பத்மஜாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஆறாம் நாள் வழக்கப்படி செட்டியார் திரும்பியிருந்தார். இந்தமுறை ஜகதாம்பாள் குரலை உயர்த்தினாள். "மகாதேவா, உன் பொம்மையை நகர்த்தற சாக்கிலே எல்லாத்தையும் நகர்த்தறாளா உன் ஆம்படையா?"

"நான் கேமரா பின்னாடியே இருக்கேன் அக்கா. அவ வரலை."

"நீ ஆபீஸ் போனப்புறம்?"

"நானும்தானே ஆபீஸ் போறேன்," என்றாள் பத்மஜா. குரல் அவளுக்கே தூரத்திலிருந்து கேட்டது. அன்றிரவு கொண்டைக்கடலையை ஊறப்போட மறந்துவிட்டாள். அதற்கும் பேச்சு வாங்கினாள்.

ஜெய்ராம் ஃபிலிமை வெளிநாட்டில் கழுவித் தந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மதியம் போஸ் பாபுவிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, சுவரில் போட்டுக் காட்டினான் மகாதேவன். மூன்று பேர்தான். ஜகதாம்பாள் நாற்காலியில், பத்மஜா தரையில்.

பூதம் மணல்மலையிலிருந்து இறங்கியது. அடுத்த கணமே மகாதேவன், "ஐயோ, கெட்டுப்போச்சு," என்றான்.

பூதத்துக்குப் பின்னால் கொலுவே நடந்துகொண்டிருந்தது. தசாவதாரம் வரிசையாக விளிம்பை நோக்கி நழுவியது. மீனாட்சி மெல்லப் பக்கவாட்டில் போனாள். செட்டியார், கடையைப் பூட்டிவிட்டு ரயிலைப் பிடிக்கக் கிளம்பியவர்போல, நிதானமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். எல்லாம் இம்மி இம்மியாக; கை பட்டிருந்தால் ஒரே தாவலாகத் தெரிந்திருக்கும்.

படம் முடிந்து சுவர் வெள்ளையானது. சரியாக அப்போது ஒரு லோக்கல் போனது. அலமாரியில் டம்ளர்கள் முணுமுணுத்தன. மூவரும் அதை முதன்முறையாகக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

"திரும்பப் போடு," என்றாள் ஜகதாம்பாள்.

போட்டான். செட்டியார் மறுபடி திரும்பினார்.

"யாரும் தொடலை," என்றாள்.

பத்மஜாவிடம் இந்த நாளுக்கென்று எத்தனையோ வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் இருந்தன. கூட்ட ரயிலில் நின்றபடி அவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது தரையில் இருந்தபடி அலமாரி டம்ளர்களையே பார்த்தாள்.

"அவர் போன வருஷமும் ரயில் ஓடித்து, இல்லையா பத்மா?"

"ஓடித்து அக்கா."

"அப்போ அவர் சும்மாவேதான் போயிட்டார்." ஜகதாம்பாள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். "ஒரு காரணமும் இல்லாம." பிறகு, "உன் கைன்னே நினைச்சுண்டிருந்தேன், இத்தனை நாளும்," என்றாள்.

"தெரியும் அக்கா."

பாரம் இறங்கினால் லேசாக இருக்கும் என்று பத்மஜா எண்ணியிருந்தாள். தண்ணீர் வாளியை மாடியில் இறக்கி வைத்தபின்னும் தோள் கடுக்குமே, அப்படித்தான் இருந்தது. எதிரே பார்த்தால், வயதான ஒரு பெண் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாய்ந்துகொள்ள அவளுக்கு இருந்த அந்த ஒரு காரணத்தையும் எடுத்தாயிற்று. பத்மஜா நகர்ந்து போய் அவள் காலருகே உட்கார்ந்துகொண்டாள்.

மகாதேவன் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: "பூதம் எப்படி நடந்தது? அதை ஒருத்தராவது பார்த்தேளா?"

இருவரும் பார்த்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை போடுடா. இப்போ அதைப் பார்க்கறோம்," என்றாள் ஜகதாம்பாள்.

மூன்றாம் முறை இருவரும் பூதத்தை மட்டும் பார்த்தார்கள். குல்லா ரோமம் சிலிர்க்க, பெரிய காது ஆட, அது ஒரு காலை வைத்து, நின்று, மறுகாலை இழுத்து, குளத்தங்கரைக்கு வந்துசேர்ந்தது.

"நன்னாத்தான் நடக்கறது," என்றாள் ஜகதாம்பாள். "ஆனா காலை இழுத்துண்டு, பாவம். ஆபீஸ் விட்டு வரச்சே இவ மாடியேறற மாதிரியே இருக்கு."

"அக்காவுக்கு இன்னிக்குத்தான் கண்ணிலே பட்டிருக்கு," என்றாள் பத்மஜா.

ஜகதாம்பாள் நாற்காலியைப் பிடித்து எழுந்து, "நீ இப்படியே சாஞ்சுக்கோ. காபி நான் போடறேன்," என்று சமையலறைக்குள் போனாள்.