மிதித்துப் பார்க்காத கயிறு

ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே, சந்தையில், கயிறு அறுந்து கடலோடு போன தன் தம்பியைப் பற்றிச் சொல்லி ஒரு கயிற்று வியாபாரி அழுதான். எனக்கும் கண் கலங்கியது. காலால் மிதித்து இழுத்துப் பார்க்காமல் கடலுக்குப் போகிற நாங்கள் கயிறு வாங்குவதில்லை. அழுகிறவன் முன்னால் அதைச் செய்யக் கூச்சமாக இருந்தது. அப்படியே வாங்கிவந்து கட்டுமரத்தைப் பிணைத்தேன்.

கரை மறைந்த இடத்தில் அந்தக் கயிறு புரிபுரியாகப் பிரிந்தது. காலடியில் மரங்கள் விலக, நடுவே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

"மாமா, மரத்தக் காலால கவ்விப் புடி! உட்டா செத்தோம்!" என்று என்னோடு வந்த மைத்துனன் அலறினான். கவ்விக்கொண்டேன். வலைக்கயிற்றை அறுத்துக் கட்டி, எப்படியோ கரை சேர்ந்தோம்.

"அந்தத் தம்பி கத பொய் மாமா" என்கிறான் மைத்துனன். மெய்யாக இருக்குமோ என்றுதான் இன்றும் எனக்குப் பயம். யார் விற்ற கயிறு அறுந்து அந்தத் தம்பி செத்தான் என்று நாங்கள் கேட்கவே இல்லையே.