பிரேக் இல்லாத சீட்

எங்கள் அண்ணிக்கு டிரைவிங் சொல்லிக்கொடுப்பது தொழில். இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருத்தி. புருஷனின் தங்கையாயிற்றே என்று ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு? தலை வாரிக்கவா?" என்று நடுச்சாலையில், ஜன்னல் திறந்திருக்கும்போது கேட்டாள். பக்கத்தில் நின்ற பஸ்ஸே சிரித்தது.

ஆனால் அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரும் போய் சுவரில் முட்டியதில்லை. வாயைத் திறந்து பாராட்டுகிற பழக்கம் அண்ணிக்குக் கிடையாது. ஒருவர் தேறிவிட்டார் என்று பட்டால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுவாள். கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு, "இனிமே நான் எதுக்கு?" என்பாள். அவ்வளவுதான் சர்டிபிகேட். அந்த வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் கிளாஸுக்கு வந்தவர்கள் உண்டு.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். பழகுகிறவர் லாரிக்கு அடியில் போய்ச் சொருகாமல் காப்பாற்றுவது அதுதான். அதை அமுக்குவது அண்ணியின் வலது கால். இத்தனை வருஷம் அமுக்கி அமுக்கி அந்தக் கால் யார் பேச்சையும் கேட்காமல் தானாக வேலை செய்யப் பழகிவிட்டது. பஸ்ஸில் போனாலும் அமுக்கும். டிவியில் யாராவது காரை விரட்டினால் சோபாவில் இருந்தபடி அமுக்கும். விருந்தாளிகள் முன்னால் அண்ணன் உளற ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் அவன் பாதத்தை அமுக்கும். அந்த ஒரு பிரேக் மட்டும் எப்போதும் நன்றாகப் பிடிக்கும்.

கடைசியில் அந்தக் கால்தான் மக்கர் செய்தது. இடுப்பில் ஆரம்பித்துக் குதிகால்வரை சுண்டி இழுத்தது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். அவரும் அண்ணியின் பழைய மாணவர்தான். அதனால் பயந்து பயந்து சொன்னார்.

"கோச்சுக்காதீங்க மேடம். வேலை நேரத்துல இந்தக் கால் உழைக்குது, சரி. மத்த நேரத்துலயும் இது சும்மா இருக்க மாட்டேங்குதே. எந்த வண்டியில உக்காந்தாலும் இறுகிப்போகுது. போதாக்குறைக்கு தினமும் குண்டும் குழியுமா ஸ்கூட்டர் பயணம். இப்படியே போனா அந்த சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்."

அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு, "அந்த சீட்டை விட்டுட்டா நான் என்னதாங்க பண்றது?" என்று அண்ணனைக் கேட்டாள். ஊரையே மிரட்டுகிற அந்தக் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அண்ணன் சாது. பல் செட் செய்கிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டிருப்பான். கல்யாணமான புதிதில் அண்ணி அவனுக்கும் டிரைவிங் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். முதல் கிளாஸில் அவன் ஸ்கூல் கேட்டையே இடித்தான். அவள் கத்திய கத்தலில் இருவருக்கும் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அதோடு அவன் ஸ்டீரிங் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளின் புருஷன் ஆட்டோவில் வேலைக்குப் போனான்.

அவன்தான் அன்று சொன்னான்: "ஸ்கூட்டரை விட்டுடு. பழசானாலும் பரவாயில்ல, சொகுசா ஒரு கார் எடுப்போம்."

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஊர் முழுக்க மாணவர்கள், ஆளுக்கொரு யோசனை. உயரமான வண்டி வாங்குங்க என்றார் ஒருவர். டீசல்தான் லாபம் என்றார் இன்னொருவர். அண்ணி தெளிவாக இருந்தாள். "ஏறி இறங்க ஏணி வேணுங்கற வண்டி எனக்கு எதுக்கு? வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் போய் வர்றதுக்கு டீசல் எதுக்கு? என்ஜின் சூடாகறதுக்குள்ள நான் இறங்கிடுவேன். அதிராத ஒரு பெட்ரோல் செடான் போதும்." புதிதாக வாங்க எங்கள் கை எட்டாது. ஆகவே பழைய கார் வேட்டை. ஸ்கூலை ஒட்டின ஜெராக்ஸ் கடை என்னுடையது என்பதால், வேட்டைக்குத் துணை நான்தான்.

முதல் காரைப் பார்க்கப் போனபோதே ஒரு விஷயம் புரிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் சாவியை நீட்டி, "ஓட்டிப் பாருங்க மேடம்" என்றார். அண்ணி நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, "ம், எடுங்க" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஆயுசில் பாதி அந்த சீட்டில்தான் கழிந்தது. கார் என்றால் அவளுக்கு அந்தப் பக்கம்தான். இளைஞர் விழித்துவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பெரிய சக்கரம், அப்பளம் போல மெல்லிய டயர். சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் எங்களிடம் தனித்தனியாக நலம் விசாரித்தது. அண்ணியின் கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. வாயும் சும்மா இல்லை. "சைடு பாத்தீங்களா? எதுக்கு இந்த அவசரம்? கியர் என்ன பாவம் பண்ணிச்சு?" திரும்பி வருவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேடம், அப்போ நான் எப்ப கிளாஸுக்கு வரட்டும்?" என்று கேட்டார். வந்த இடத்தில் ஒரு மாணவர் சேர்ந்தார், கார் சேரவில்லை.

இரண்டாவது, ஒரு கான்டிராக்டரின் கார். பெட்ரோல் என்று சொல்லி வரவழைத்தார், போனால் டீசல். நின்றுகொண்டிருக்கும்போதே பாட்டில் தண்ணீர் ஆடியது. ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டு இறங்கிய அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. "இது கார் இல்ல, மிக்ஸி" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கிளாஸை ரத்து செய்தாள். அவள் கிளாஸை ரத்து செய்து நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது கார் ஒரு ஓய்வு பெற்ற டாக்டருடையது. மகள் வீட்டோடு போகப் போவதால் விற்கிறார். அன்றைக்கு அண்ணனும் கூட வந்தான். அந்த நாட்களில் அவன் விடிந்ததும் நடைப்பயிற்சி என்று கிளம்பிக்கொண்டிருந்தான். தொப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

காரின் நிறம் பால் தூக்கலான டீ மாதிரி. திரும்பிப் பார்க்க வைக்கிற அழகு ஒன்றும் கிடையாது. அண்ணி முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து வைத்து நோயை மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். சில்லென்றுதான் இருந்தது. டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. கதவைச் சாத்தினால் தலையணையில் தட்டியது போல ஒரு சத்தம். சீட்டு, நம் வீட்டுச் சாய்வு நாற்காலி கெட்டது போங்கள். டாக்டர் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

வழக்கம்போல அண்ணி பக்கத்து சீட்டில். நானும் அண்ணனும் பின்னால். டாக்டர் நிதானமாக ஓட்டினார். வேகத்தடை வந்தது, கார் ஒரு பெருமூச்சு விட்டு ஏறி இறங்கியது.

"சார், அந்த வளைவுல கொஞ்சம்..." என்று அண்ணி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டாள். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். வலது கால் செருப்பை உதறிவிட்டுப் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. ஓடுகிற வண்டியில் அந்தக் கால் அப்படிக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சார் எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"மயக்க மருந்து குடுக்கற டாக்டர்மா" என்றார். உடனே பதறி, "ஆனா நான் ஒண்ணும் குடுக்கல!" என்றார்.

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். டாக்டர் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தார். "மூச்சு சீரா இருக்கு. எழுப்பட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றான் அண்ணன். "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா இன்னொரு சுத்து போங்க."

போனார், புண்ணியவான். ஏரிக்கரையைச் சுற்றினோம். மருத்துவமனையைச் சுற்றினோம். தான் வேலை பார்த்த கட்டடத்தை எங்களுக்குக் கிசுகிசுப்பாகவே காட்டினார். மறுபடியும் ஏரிக்கரை. பெட்ரோல் விளக்கு எரிந்த பிறகுதான் பங்க்கில் நிறுத்தினோம். அங்கே ஆள் கண்ணாடியைத் தட்டியதும் அண்ணி திடுக்கிட்டு விழித்தாள். "யாரு பிரேக் போட்டது?" என்றுதான் கேட்டாள்.

பிறகு சுற்றிலும் பார்த்தாள். கழன்று கிடந்த செருப்பைப் பார்த்தாள். "இந்த வண்டி எனக்கு வேணும்" என்றாள், குழந்தை மாதிரி.

அங்கிருந்து டாக்டர் வீடுவரை அவளே ஓட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறங்கியதும் தொடையைத் தேய்த்துக்கொண்டு, "ஸ்கூட்டருக்கு இது சொர்க்கம்தான். ஆனா ஓட்டறப்போ கால் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கணும்? அந்தப் பக்கம் உக்காந்தப்ப வந்த சுகம்... சரி, அதுக்கெல்லாம் ஆசைப்படக் கூடாது" என்றாள்.

விலை பேசி முடித்துச் சாவியை வாங்கினோம். வீட்டுக்குக் கிளம்பும்போது, ஆட்டோ ஆசாமியான எங்கள் அண்ணன் போய் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தான். உட்கார்ந்தான். சீட்டை நகர்த்தினான். கண்ணாடியைத் திருப்பினான். பெல்ட் போட்டான். எனக்கு அன்று ஸ்கூல் கேட் இடிபட்டதெல்லாம் கண் முன்னால் வந்துபோனது. அண்ணி பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஏறிவிட்டாள். அப்புறம்தான் யார் ஓட்டப் போகிறார் என்பதே அவளுக்கு உறைத்தது. அதற்குள் கார் வாசலைத் தாண்டிவிட்டது, எதையும் இடிக்காமல்.

தெருமுனையில் திரும்பினான். அண்ணி சாலையைப் பார்க்கவே இல்லை. அவன் கைகளையே பார்த்தாள்.

"கையைக் குறுக்க போட்டு சுத்தறீங்க? இது அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்காரன் பழக்கமாச்சே! அவன்கிட்டயா போனீங்க? போயும் போயும் அவன்கிட்டயா?"

நடைப்பயிற்சியின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தேன்.

"உன்கிட்ட கத்துக்கிட்டா பேச்சு நின்னு போயிடுதே" என்றான் அண்ணன், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். கொஞ்ச தூரம் போனதும் சொன்னான்: "ஊர்ல இருக்கறவங்க பக்கத்துல எல்லாம் நீ உக்காந்து காப்பாத்தறே. உன்னை உக்கார வச்சு ஓட்ட யாரு இருக்கா? அதான் போனேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில், மூக்கடைத்த குரலில், "இண்டிகேட்டர்" என்றாள்.

அதன் பிறகு தினமும் காலையில் மூவரும் டீ நிறக் காரில் கிளம்பினோம். நெகிழ்ந்து போனதெல்லாம் அன்றோடு சரி. அண்ணியின் கால் வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தது. வாசலில் இறங்கியதும் தீர்ப்பு: "ஃபெயில்." மறுநாளும் ஃபெயில். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்பான். கையைக் குறுக்கே போடுவதை விட்டான். முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விடக் கற்றான். மிதிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நான் பின்சீட்டிலிருந்து கவனித்தேன். திருஷ்டி பட்டுவிடுமோ என்று வாய் திறக்கவில்லை.

ஒரு தூறல் நாள். ரவுண்டானாவில் ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்தது. அண்ணன் பதறாமல், பூப்போல பிரேக் போட்டான். நான் சட்டென்று அண்ணியின் காலைப் பார்த்தேன். அசையவில்லை. செருப்பு எப்போதோ கழன்றிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். ஸ்கூல் வாசல் வந்தது, நிறுத்தாமல் தாண்டினான். என் கடையும் பின்னால் போனது. போகட்டும், ஜெராக்ஸ் எங்கே ஓடிவிடப் போகிறது? ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, வண்டி நின்றதே தெரியாதபடி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். காத்திருந்த மாணவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். தங்களை அலற வைக்கிற மேடம் வாயைத் திறந்து தூங்குவதைப் பார்த்து ஒருவர் கண்ணாடியைத் தட்டப் போனார். அண்ணன் உதட்டில் விரலை வைத்து அவரை விரட்டினான்.

அவளாகவே விழித்தாள். வாயைத் துடைத்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள். கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள். அந்த நிலை எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே? அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன, 'இனிமே நான் எதுக்கு'ன்னு சொல்லப் போறியா?"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை ஊர்ல மத்தவங்களுக்கெல்லாம் சொல்லுவேன். உங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள். "சாயங்காலம் சீக்கிரமா வாங்க."

கதவைச் சாத்திவிட்டு, கால் இழுக்காமல் நடந்து போய் ஸ்கூல் வண்டியில் ஏறினாள். நான் கடையைத் திறப்பதற்குள் அங்கிருந்து குரல் கேட்டது: "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு?"