சவரிமுத்து யாரை எண்ணினான்?

என் ஒத்தை அறைக்கு ஒட்டின பக்கத்துக் காம்பிரா சவரிமுத்துவை நான் நம்பவே இல்ல. வருஷக்கணக்கா பிடில் பழகியும் ஒரு பாட்டு வராதவனை எவ நம்புவா?

திருச்சிப் பக்கம் மாதா கோயில் சாமியார்கிட்ட படிச்சவனாம். கடல் தாண்டி நமுனுகுல மலைக்குக் கீழ எங்க தேயிலைத் தோட்டத்துக்கு வந்தப்ப துணி மூட்டைகூட இல்ல, பிடில் பெட்டி மட்டும்தான் கையில. பகல்ல தேயிலை ஸ்டோர்ல வேலை. சனிக்கிழமை ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு பதுளை டவுனுக்கு நடப்பான். அங்க கிளப்புல துரைமாரும் தொரசானிமாரும் பத்துப் பதினைஞ்சு பேரா சேர்ந்து வாசிப்பாங்க. ரெண்டாம் பிடிலுக்கு ஆள் பத்தலன்னு இவனைப் பின் வரிசையில உக்கார வச்சாங்களாம். துரையோட சரிசமமா நாற்காலியில ஒரு கூலிக்காரன்! யாரைக் காட்டிக் கொடுத்து அந்த இடத்தைப் புடிச்சானோன்னு நாங்க பேசாத நாள் இல்ல.

சாயங்காலம் வாசல்ல உக்காந்து பழகுவான். ஙை, ஙைன்னு ரெண்டு இழுப்பு. அப்புறம் வில்லை மடியில வச்சிட்டு, எங்க காம்பிரா எல்லாம் வரிசையா நிக்கிற லயத்தையே பாத்துக்கிட்டு உதட்டுக்குள்ள எண்ணுவான். ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு. மறுபடி ரெண்டு இழுப்பு. இதெல்லாம் ஒரு வாசிப்பா? விடியக்காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல எங்களை நிறுத்தி எண்ணுறவன் எல்லாம் துரையோட ஆளு. இவன் மட்டும் வேற எதுக்கு எண்ணுவான்?

எனக்கு அந்த எண்ணிக்கையே பிடிக்கல. ஏன்னா என் தம்பி சடையன் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்னுல இருந்து துண்டு இல்லாம ஓடி வந்து என் காம்பிராவுல ஒளிஞ்சிருந்தான். போகலாம்னு துரை எழுதிக் கொடுக்கிற அந்தத் துண்டு இல்லாம புடிபட்டா ஜெயில்தான். அவனுக்கு இருமல் வேற. கம்பளியால வாயைப் பொத்துவேன், அப்பவும் அடங்காது.

ஒருநாள் சவரிமுத்து பழகுறப்ப முன்னால விரிச்சிருந்த தாளை எட்டிப் பாத்தேன். அஞ்சு கோடு. கோட்டு மேல கறுப்புக் கறுப்பா பொட்டு. எங்க தோட்டத்துலயும் லயம் அஞ்சு. ஆத்தாடி, லயம் லயமா ஆளைப் புள்ளி வச்சிருக்கானே! எங்களது நாலாவது லயம். நாலாவது கோட்டுல ஒரு பொட்டு தனியா நின்னுச்சு. அது என் தம்பியேதான்னு கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை அவன் தண்ணிக்குப் போன நேரம் தாளை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்து அடுப்புல வச்சேன். அன்னிக்குக் கஞ்சி சீக்கிரம் கொதிச்சுச்சு.

வந்தவன் மூலை முடுக்கெல்லாம் தேடினான். அப்புறம் பிடில் பெட்டியை மட்டும் தூக்கிக்கிட்டு பதுளைக்கு ஓடினான். சாயங்காலம்தான் திரும்பினான், மூஞ்சியில ஈயாடல. கொழும்புல பெரிய வாத்தியக் குழுவுக்கு ஒரு பிடில்காரனைத் தேடி வெள்ளைக்கார மாஸ்டர் வந்திருந்தாராம். தொரசானியோட புத்தகத்தைப் பாத்து இவன் பத்து நாளா எழுதின தாளாம் அது. தாள் இல்லாம வந்தவனை அவர் உக்காரவே விடலையாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. "நான்தான் எரிச்சேன்! எங்களை எண்ணி எழுதி வச்சியே, எரிக்காம என்ன செய்வாங்க?"

"அக்கா, அது ஆளுங்க இல்ல, சுரம். மத்தவங்க வாசிக்கிறப்ப நான் எத்தனை அடி சும்மா இருக்கணுமோ, அதைத்தான் எண்ணுவேன். என் பங்கு தனியாக் கேட்டா பாட்டா இருக்காது."

"யார்கிட்ட கதை அளக்குற?"

அந்த நேரம் பாத்து லயத்துக் கோடியில கங்காணி வந்தான். உள்ள சடையன் இருமத் தொடங்கிட்டான். நான் கதவை மறைச்சு நின்னேன். சவரிமுத்து படக்குனு பிடிலை எடுத்து ஙை, ஙைன்னு பலமா இழுத்தான். கங்காணி காதைப் பொத்திக்கிட்டு, திட்டிக்கிட்டே போயிட்டான்.

இருமல் அடங்கினதும் வில்லும் நின்னுச்சு.

"நடுச்சுவரு கூரை வரைக்கும் இல்லையே அக்கா,"ன்னான். "உங்க தம்பி வந்த அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு."

அதுக்கப்புறமும் பதினோரு வருஷம் அதே பின் வரிசையிலதான் உக்காந்தான். கொழும்புல இருந்து வேற யாரும் வரல. பாவி மனுஷன், என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.