தராசு டீச்சரின் நான்காவது தேர்வு

ஒருவருக்கு ஒன்று தெரியும் என்பதை இன்னொருவர் எப்படித் தெரிந்துகொள்வது? அறிவியல் ஆசிரியையான அவர், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் தராசு டீச்சர்.

எழுத்துத் தேர்வை மட்டுமே நம்பி அவர் மதிப்பெண் போடுவதில்லை. எழுதச் சொல்வார், வாயால் சொல்லச் சொல்வார், கையால் செய்துகாட்டச் சொல்வார். நான்காவது தேர்வு அவரே உண்டாக்கியது. பாடம் தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டும். கேட்டவர் செய்துகாட்டுவதைப் பொறுத்துத்தான் சொல்லித் தந்தவருக்கு மதிப்பெண். முழுக்க நியாயமான ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது.

அதில் சறுக்கியது அவருடைய தங்கை மகள். மற்ற மூன்றிலும் அவள்தான் முதல். நான்காவதில், கீழ்வகுப்பிலிருந்து வந்த மாணவி ஒயரைப் பிடித்துக்கொண்டு முழித்தாள், பல்பு எரியவில்லை. பூஜ்யம். அது மாறாவிட்டால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது.

அன்று மாலையே தங்கை, மகளையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டவள் மக்கு என்றால் என் பெண் என்ன செய்வாள் என்று சமையலறை வரை பின்னாலேயே போய்க் கேட்டாள். டீச்சர் பேட்டரி, ஒயர், இரண்டு பல்புகள் ஆகியவற்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்.

"நீ உக்காரு. அவ உனக்குச் சொல்லித் தரட்டும்."

"எனக்கா? மிக்ஸி பிளக்கைச் சொருகவே பயப்படுறவ நான், அக்கா."

"அதனாலதான்."

ஒரு பல்பைக் கழற்றினாலும் மற்றது எரிய வேண்டும், அதுதான் பாடம். மகள் கடகடவென்று ஒப்பித்தாள். அம்மா தப்பாக இணைத்தாள். மகள் அதையே இன்னும் உரக்க ஒப்பித்தாள்.

"காது நல்லாத்தான்டி கேக்குது. மண்டைலதான் ஏறல."

பெண் சிரித்துவிட்டாள். பிறகுதான் கேட்டாள்: "எந்த இடத்துலம்மா விட்டுப்போச்சு?"

ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்தை அம்மா தொட்டுக் காட்டினாள். அங்கிருந்து இருவரும் மெதுவாகப் போனார்கள். பல்புகள் எரிந்தன. ஒன்றைக் கழற்றியும் மற்றது அணையவில்லை.

"நல்லா சொல்லிக் கொடுத்தே" என்றார் டீச்சர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். தங்கை நிம்மதியாக வீடு திரும்பினாள்.

மறுநாள் மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போயிற்று. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. பெண் வேறு பிரிவில் சேர்ந்தாள். தங்கை வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த பருவத்திலிருந்து நான்காவது தேர்வில் எல்லோருக்கும் இரண்டு வாய்ப்பு என்று டீச்சர் விதியை மாற்றினார். அதை ஒரு பருவம் முன்னால் ஏன் செய்யவில்லை என்று தலைமையாசிரியரும் கேட்டார், தங்கையும் கேட்டாள். இருவருக்கும் அவர் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, அதில் தங்கை மகளின் பெயரைத் தொட்டுக் காட்டினார்.