வீட்டில் சாவு இல்லை என்றான்

என் மனைவி மூன்று நாள் காய்ச்சலில் போனபோது எங்கள் மகன் ஜப்பானில் கப்பல் கட்டும் படிப்பில் இருந்தான். திருவொற்றியூரில் எங்கள் குப்பத்திலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போன முதல் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். நான் வைத்தேன்.

மறுநாள் தந்தி கொடுக்கக் கிளம்பினேன். மைத்துனன் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்துக்கு மாமா தந்தி? அவன் கப்பலேறி வர்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிடும். அங்க தனியா அழுதுகினு குந்தினு இருப்பான். பரீட்சை முடியட்டும்."

"பெத்தவ செத்தது தெரியாம இருக்கலாமாடா?"

"தெரிஞ்சி இன்னா பண்ணுவான்? படிச்சவன் நீ, நீயே சொல்லு."

நான் துறைமுகத்துக் குமாஸ்தா, படித்தவன். வழக்கம்போல ஒரு கடிதம் எழுதினேன். 'அம்மா நலம். உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.' ஒட்டித் தபாலில் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவன் கடிதம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. தலையில் முறுக்கிக் கட்டிய துணி, தோளில் மரப்பல்லக்கு, சுற்றிலும் அந்த ஊர் ஆட்கள். வாயெல்லாம் சிரிப்பு.

'நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர், நைனா. அவர்கள் கோயில் திருவிழாவில் சாமி தூக்கக் கூப்பிட்டார். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் சாமியைக் கடலுக்குள் கொண்டுபோகிறார்கள். பூசாரி முதலில் ஒன்றுதான் கேட்டார், வீட்டில் சமீபத்தில் சாவு உண்டா என்று. இருந்தால் கோயிலின் மரவாசலைத் தாண்டக்கூடாதாம். நம்ம தீட்டு மாதிரியே. இல்லை, நேற்றுதான் நைனா கடிதம் வந்தது, எல்லோரும் நலம் என்றேன். கை கழுவி வாய் கொப்பளிக்கச் சொன்னார். தீட்டுக் கழிய, வெள்ளைக் காகிதம் கட்டிய கோலை என் தலைக்கு மேல் ஆட்டினார். அம்மாவுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். போட்டோவை அவளிடம் காட்டுங்கள்.'

"அண்ணன் இன்னா எழுதிக்கீது நைனா?" என்றாள் மகள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன்.

மனைவி போன நாளிலிருந்து நாங்களே கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவனோ அந்தத் தீட்டோடு ஊரார் சாமியைத் தோளில் சுமந்திருக்கிறான். அந்த ஊரில் ஒரு படகு கவிழ்ந்தாலும் அது என் கடிதத்தால்தான். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்றே உண்மையை எழுதிப் போட்டேன்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

'பூசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தெரியாமல் செய்தாய் என்று மறுபடி அந்தக் கோலை என் தலைக்கு மேல் ஆட்டினார். நான் தெரியாமல் செய்தேன், நைனா. நீங்கள் தெரிந்தே எழுதினீர்கள். இனி ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தங்கச்சி தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். இல்லாவிட்டால் அவள் இருக்கிறாள் என்று நான் எப்படி நம்புவது?'

பரீட்சை எழுதினானா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

இப்போதெல்லாம் என் பங்கை எழுதி மகளிடம் தள்ளிவிடுகிறேன். அவள் இரண்டு வரியோடு நிறுத்துவதில்லை. என்ன எழுதுகிறாள் என்று நான் பார்ப்பதுமில்லை.