சாலைக் கடையில் ஒரு ஜோடி மூச்சு

யுத்தத்தில் மிஞ்சிய சாமான் விற்கிறவனுக்கு ஒரே ஒரு விதி உண்டு: யார் வந்து எதைக் கேட்டாலும் முகத்தில் ஆச்சரியம் காட்டக்கூடாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. திருவனந்தபுரம் சாலை பஜாரில், நாகர்கோவில்காரரான என் முதலாளி பட்டாளத்து ஏலச் சரக்கு விற்றுவந்தார். கான்வாஸ் பை, பெல்ட், ஜீப் ஸ்பானர், விமானத்திலிருந்து கழற்றிய காற்று ஸிலிண்டர்கள். ஸிலிண்டரை ஊரில் குற்றி என்போம். விற்பனைக்கு நின்றவன் நான். அந்தக் குற்றிகள் என்னைப் படுத்திய பாடும், கொடுத்த குதூகலமும் கொஞ்சமல்ல.

ஒன்று போதாதவர்

முதலில் வந்தவர் வேங்கடராமன். காலேஜில் விலங்கியல் லெக்சரர், ஸ்ரீவராகத்தில் வீடு. முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன்களை நேரில் பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு குற்றி வேண்டும் என்றார். வாயில் கடித்து மூச்சிழுக்கும் கருவியைக் கொழும்பில் இருக்கும் மைத்துனர் மூலம் பிரான்ஸிலிருந்து தருவித்துவிட்டாராம். குற்றிகளையும் அங்கிருந்தே வாங்கினால் ஒரு வருஷச் சம்பளம் போய்விடும் என்று எங்களிடம் வந்திருந்தார்.

எனக்குத் தலை சுற்றியது. அதுவரை அந்தக் குற்றிகளை சோடா கம்பெனிக்கும் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கும்தான் விற்றிருந்தேன். உள்ளே போய் முதலாளியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எடே, எந்த சாமான் வேணும்னாலும் குடு. ஆனா வாங்கினவன் திரும்பி வந்து குறை சொல்லுத மாதிரி சாமானாப் பாத்துக் குடு. திரும்பி வரணும், அதாக்கும் முக்கியம்."

மஞ்சளும் தலைப்பிரட்டையும்

எங்களிடம் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று மஞ்சள் பெயிண்ட் அடித்த பெரிய குற்றி. பார்வைக்கு கம்பீரம், எடை குறைவு, விலையும் பாதி. மற்றது சின்னது, கனமானது, ஒரு முனை கூம்பித் தவளைக் குஞ்சு மாதிரி இருக்கும். அதற்குத் தலைப்பிரட்டை என்று பெயர் வைத்திருந்தோம். நான் மஞ்சளைத்தான் சிபாரிசு செய்தேன். பெரிய பாத்திரத்தில் அதிகம் பிடிக்கும் என்பது என் கணக்கு.

அவர் வாதாடவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். கடைக்குப் பின்னால் ஏலத்தில் எடுத்த காற்றடிக்கும் யந்திரம் ஒன்று இருந்தது. அது கக்கும் எண்ணெய் நாற்றம் போக, தேங்காய்ச் சிரட்டைக்கரி அடைத்த குழாய் வழியாகக் காற்றை விட்டு இரண்டு ஜோடியையும் நிரப்பினோம். பிறகு லெக்சரர் ஒரு பெரிய தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அதற்குள் விட்டு மூச்சிழுத்தார். மஞ்சள் ஜோடி இருபது நிமிஷத்தில் தீர்ந்தது. தலைப்பிரட்டை ஜோடி ஒரு மணி நேரம் கடந்தும் ஓடியது. மஞ்சளின் மெல்லிய தகடு கொஞ்சம் அழுத்தம்தான் தாங்கும். மற்றது நாலு மடங்குக்கு மேல் தாங்கும். அன்றைக்கு எனக்கு அது ஏதோ வித்தை மாதிரி இருந்தது. கடைவாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்க்கடை டீக்காரர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "பிள்ளே, சாரு உள்ளே ஒறங்கிப் போயாச்சுன்னு தோணுது. ஒண்ணு தட்டி நோக்கும்."

ராஜம் மாமி வந்தது

அடுத்த நாள் லெக்சரரின் மனைவி ராஜம் மாமி கடைக்கு வந்தார். விற்காதே என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என நினைத்து, முதலாளி யந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டார். மாமி உட்காரவில்லை. இது எப்படி வேலை செய்கிறது, எங்கே கெட்டுப்போகும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜோடியை எடுத்துவைத்துக் காட்டினேன். நடுவில் ஒரு செப்புக் குழாய் இரண்டையும் இணைக்கும். ஒரு குற்றியைத் திறந்தும், மற்றதை மூடியும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதலாவது தீர்ந்து மூச்சு இறுகும்போது இரண்டாவதைத் திறந்து மேலே வந்துவிட வேண்டும்.

ஒற்றைக் குற்றியானால் என்ன ஆகும் என்று கேட்டார். சுமை குறையும், விலையும் பாதியாகும், ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்றேன். மாமி இரண்டு திருகுகளையும் தன் கையாலேயே திறந்து மூடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவர் போகாம இருக்கப் போறதில்லை. ரெண்டாவே குடுங்கோ. ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு ஆத்துக்குத் திரும்பி வர்றதுக்கு."

விழிஞ்ஞத்தில்

முதல் இறக்கம் விழிஞ்ஞம் பாறைகளுக்குப் பக்கத்தில். கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, குற்றிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனோம். அங்கே சிலுவைதாசன் என்று ஒருவர் இருந்தார். வெறும் மூச்சில் முங்கிப் பாறையில் ஒட்டிய சிப்பியைப் பெயர்த்தெடுப்பது அவர் தொழில். அவரைத்தான் துணைக்குப் பேசியிருந்தோம்.

லெக்சரர் இறங்கினார். மேலே குமிழி மட்டும் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துத் தலையை நீட்டி, வாய்க்கருவியைத் துப்பிவிட்டுப் பாட்டு மாதிரி மீன்களின் லத்தீன் பெயர்களை அடுக்கினார். ஒன்றும் புரியாமலே நானும் கத்திச் சிரித்தேன். சிலுவைதாசன் குற்றிகளை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். இதே மாதிரி அவருக்கும் ஒரு ஜோடி குறைந்த விலையில் கட்டித் தருகிறேன் என்றேன், வியாபாரப் பழக்கத்தில். அவர் மார்பைத் தட்டிக் காட்டினார்: "எனக்குக் கர்த்தர் உள்ளிலேயே ரெண்டு வெச்சுத் தந்திட்டுண்டு, சாரே. அதுக்கு பெல்ட்டும் வேண்டா."

தப்பான காற்று

செய்தி பரவி, பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மானேஜர் தாமஸ், லெக்சரரின் மைத்துனர் மூலமே வாய்க்கருவியைத் தருவித்துக்கொண்டு, எங்களிடம் ஒரு ஜோடி வாங்கினார். அந்த வாரம் எங்கள் யந்திரத்தின் பெல்ட் அறுந்திருந்ததால், வேறு எங்காவது நிரப்பிக்கொள்கிறேன் என்று காரில் போய்விட்டார். மறுநாள் காலை டீக்கடையில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார், உங்கள் மானேஜர் இப்போதுதான் இரண்டு குற்றி நிறைய ஆக்ஸிஜன் பிடித்துக்கொண்டு நேரே கோவளம் போயிருக்கிறார் என்று.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். சுத்த ஆக்ஸிஜனோடு முப்பதடிக்குக் கீழே போனால் வலிப்பு வரும், வாய்க்கருவி நழுவும், அவ்வளவுதான் என்று லெக்சரர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான்தான் அதைத் தாமஸிடம் சொல்ல மறந்திருந்தேன். டாக்ஸி கோவளம் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. மணலில் அவருடைய சட்டையும் பூட்ஸும் கிடந்தன. பாறைக்கு அப்பால் குமிழிகள் ஆழமான பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. நல்ல காலம், சிலுவைதாசன் அன்று அங்கே சிப்பிக்கு வந்திருந்தார். நான் பாதி சொல்வதற்குள் அவர் தண்ணீரில் இருந்தார்.

தாமஸைப் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தாமஸ் இருந்தது பதினைந்தடியில்தான். யாரோ திருட வந்ததாக நினைத்துச் சிலுவைதாசன் முகத்தில் ஒரு குத்தும் விட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். தாமஸ் மணலில் உட்கார்ந்து, சிலுவைதாசன் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த தவண ரெண்டு குற்றியோட இந்த மனுஷனையும் சேத்துக் கெட்டித் தரணும், கேட்டோ." அன்று முதல் 'காற்று மட்டும், ஆக்ஸிஜன் கூடாது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதாமல் ஒரு குற்றியும் எங்கள் கடை வாசலைத் தாண்டவில்லை.

நான் இறங்கியது

விற்கிறவன் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று லெக்சரர் விடாமல் பிடித்தார். குளத்தில் நீந்திப் பழகியவன் என்ற தைரியத்தில் விழிஞ்ஞத்தில் இறங்கினேன். தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், பழக்கதோஷம். பிறகு மெல்ல இழுத்தேன். காற்று வந்தது. தண்ணீருக்கடியில் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பச்சை வெளிச்சத்தில் பாறை முழுக்கக் கறுப்புச் சிப்பிகள், அவற்றின் நடுவே கிளிப்பச்சையில் ஒரு மீன், என்னைப் பார்த்தும் ஓடாமல்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. திடீரென்று மூச்சு இறுகியது. முதல் குற்றி தீர்ந்துவிட்டது. பின்னால் கையை விட்டு இரண்டாவதன் திருகைப் பிடித்தேன், அசையவில்லை. காலையில் கடையில் அத்தனை பலமாக இறுக்கியவன் நானே. மேலே உதைத்துப் போய்விடலாம் என்று எண்ணுவதற்குள் சிலுவைதாசன் வெறும் மூச்சோடு என் பக்கத்தில் வந்து, ஒரே திருகில் அதைத் திறந்துவிட்டார். நெஞ்சு நிறையக் காற்று. உடனே மேலே வருவதுதான் சட்டம். நான் வரவில்லை. அந்தப் பச்சை மீன் எங்கே போயிற்று என்று தேடப் போனேன்.

கடைசியில் கரையேறியபோது லெக்சரர் திட்டத் தொடங்கினார். கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிலுவைதாசன் அவரிடம் சொன்னார்: "சாரே, திட்டீட்டு காரியமில்லே. இனி இவர் விக்குற ஆளு அல்ல, வாங்குற ஆளாக்கும்."

சரக்கைத் தானே ருசி பார்த்த விற்பனைக்காரன் கதி என்ன என்று யாராவது கேட்டால், அடுத்த ஆறு மாதமும் எங்கள் கடையின் முதல்தர வாடிக்கையாளன் கவுண்டருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான் என்று சொல்லிவிடலாம்.