குனிந்தால்தான் தெரியும்

ஈப்போவில் மேசை நாற்காலிக்கு மெருகு போட்டுப் பிழைத்த பொன்னுரங்கத்துக்கு முதுகு லேசில் வளையாது. கணக்கெழுதும் கிராணிக்குக் கும்பிடு போடாமல்தான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலையே போனது. ஜப்பான்காரன் வந்து மலாயாவைப் பிடித்த பிறகு, அவன் ஆட்களைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும் என்றானது; சரியாகக் குனியாத முதுகுக்காகக் கன்னம் தினமும் அறை வாங்கியது.

அறைவதில் பேர்போன ஜப்பான் அதிகாரி ஒருவன் ஒருநாள் தன் கித்தாரைக் கொண்டுவந்தான். குடித்துவிட்டு எங்கேயோ இடித்ததில் மெருகில் ஒரு விரிசல், பக்கத்திலேயே ஒரு குழி. "தெரியவே கூடாது" என்று மலாயில் உறுமினான்.

பொன்னுரங்கம் அரக்கைச் சாராயத்தில் கரைத்தான். மிச்சச் சாராயத்தைக் குடித்தான். குழியை நிரப்பி, காயவிட்டு, கண்ணாடிபோலத் தேய்த்தெடுத்தான்.

அதிகாரி வந்ததும் பொன்னுரங்கம் கித்தாரைத் தன் காலுக்கு முன்னால் குட்டை முக்காலிமேல் கிடத்திவிட்டு, அதன் பின்னால் அதிகாரிக்கு எதிரே விறைப்பாக நின்றுகொண்டான்.

"நின்னு பாத்தா வெளிச்சம் ஏமாத்தும் துவான். குனிஞ்சு பாருங்க" என்றான் மலாயில்.

அதிகாரி குனிந்தான். விரிசல் அகப்படவில்லை. இன்னும் குனிந்தான்.

கதவோரம் நின்ற மனைவி அஞ்சலை ஓரடி முன்னால் வந்தாள். "போதும்லா, நிமிரச் சொல்லுங்க!" என்றாள் தமிழில்.

"இருலா," என்றான் பொன்னுரங்கம், பல்லைக் காட்டியபடி. "இன்னும் சரியா குனியல. நானா இருந்தா இந்நேரம் அறை விழுந்திருக்கும்."